ஓராண்டு நிறைவதற்குள்

சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில் 'கண்டிக்காரர் வீடு' என்று ஒரு வீட்டை இன்றும் யாராவது அடையாளம் சொல்வதுண்டு. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களில் பலர் கண்டியைப் பார்த்தவர்கள் அல்லர். பாட்டனோ, பாட்டனின் தகப்பனோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்துத் திரும்பியவர். ஊர்ப்பெயர் மட்டும் வீட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கலைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் தலைவர்கள், ஒப்பந்தங்கள், லட்சக்கணக்கான எண்கள் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அந்த எண்களுக்குள் ஒரு சிறு கேள்வி புதைந்து கிடக்கிறது. விண்ணப்பிக்கும் தகப்பனின் பிள்ளை அப்போது எந்த நாட்டில் இருந்தது? இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்துக் குடும்பங்களின் தலைவிதி நிர்ணயிக்கப்பட்டது. அதைப் பற்றியே இங்கே பேச நினைக்கிறோம்.

சமவெளியிலிருந்து மலைக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே கிடக்கும் நிலம் பெரும்பாலும் வானம் பார்த்தது. காவிரி தொட்டுச் செல்லும் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் நீங்கலாகக் கம்பும் சோளமும் மழையின் தயவில் விளைந்தவை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை எப்படி அழித்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1871இல் ஏறத்தாழ 19.6 லட்சமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பலர் வெளியேறினார்கள். திருச்சி, சேலம் ஜில்லாக்களின் வறண்ட தாலுகாக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த முக்கியமான இடங்கள். முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் திரட்டிச் சென்ற கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர். பல வேளைகளில் உறவினர். போனவர்களில் கணிசமானோர் சொந்த நிலம் இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இப்படிப் போனவர்கள் ஊரை அறுத்துக்கொண்டு போகவில்லை. ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் வாழ்ந்தது. லயத்து அறையில் கணவன் மனைவியும், ஊரில் கிழவன் கிழவியும் இருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்தாள். குலதெய்வத்தின் முன்னால் முடியிறக்கிக் காது குத்தவேண்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளுக்கு மேல் இல்லை. படிக்கட்டும் என்று பையனைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார்கள். இடையில் கடல் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒரே அரசின் ஆட்சிக்கு உட்பட்ட இரண்டு கரைகளுக்கு நடுவே கிடந்த கடல். இந்திய மண்ணில் இருந்த மண்டபம் முகாமை இலங்கை அரசே நடத்தியது. அங்கே தங்கவைத்துச் சோதித்து, தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். நோய் உண்டா என்று பார்த்தார்களே தவிர, எந்த நாட்டுப் பிரஜை என்று யாரும் கேட்கவில்லை.

1939 ஆகஸ்ட் 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடை செய்தது. அப்போதுதான் முதல் நெருடல் தோன்றியது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்ற ஐயம் எழுந்தது. அதற்குப் பின் வந்ததோ பேரிடி.

1948 நவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வம்சாவளியால் பிரஜை என்று நிரூபிக்க, இலங்கையில் பிறந்தவரானால் தகப்பனோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்கவேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் தேடி எங்கே போவது? 1946 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7,80,000 பேராக இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாளில் எந்த நாட்டையும் சேராதவர்கள் ஆனார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், 1947இல், இவர்கள் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தலவாக்கொல்லையிலிருந்து சென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அந்த வாக்கும் 1949இல் பறிபோயிற்று. அதை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது.

கதவு முழுவதும் அடைக்கப்படவில்லை என்று காட்டுவதற்காக 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற, 1946 ஜனவரி 1க்கு முன் மணமாகாதவரானால் பத்து ஆண்டுகளும், மணமானவரானால் ஏழு ஆண்டுகளும் இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்கவேண்டும். ஒரு முறை வெளியே போய் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. இவற்றோடு நிற்கவில்லை. மணமான ஆண் விண்ணப்பித்தால், அவன் மனைவி மணமான ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து தொடர்ந்து அங்கேயே இருந்திருக்கவேண்டும். அவனைச் சார்ந்த மைனர் பிள்ளை ஒவ்வொன்றும், பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கையில் இருந்து, விண்ணப்ப நாள்வரை அங்கிருந்து அகலாதிருக்கவேண்டும்.

இந்த விதியை நம் சமவெளிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ராசிபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைக் கற்பனையில் வைத்துக்கொள்வோம். பதினைந்து வயதில் போனவன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருபது ஆண்டுகள் பெரட்டுக்களத்தில் நின்றவன். அவன் பெயர் செக்ரோலில் ஒரு நாள் விடாமல் இருக்கிறது. வசிப்புக் கணக்கில் அவனை யாரும் அசைக்க முடியாது. மனைவி தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள். பிள்ளை நோஞ்சானாகப் பிறந்தது. கடல் காற்றும் மலைக் குளிரும் தாங்காது என்று பாட்டி தடுத்தாள். ஒன்றேகால் வயதில் முடியிறக்கியபின் தூக்கிச் சென்றார்கள். அந்தக் கால் வருஷம் அவனுடைய இருபது ஆண்டுகளைத் தின்றுவிட்டது. அல்லது, இரண்டாவது பையன் தாத்தாவுக்குத் துணையாகவும் படிப்பதற்காகவும் மூன்று ஆண்டுகளாக ஊரில் இருக்கிறான் என்று கொள்வோம். அப்போதும் அதே கதிதான். தகப்பன் எங்கே இருந்தான் என்பது போதவில்லை. அவன் மனம் எங்கே இருந்தது என்பதை அறியச் சட்டம் விரும்பியது. மனத்தின் முகவரியாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டது.

அதில் தர்க்கமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். டி.எஸ். சேனநாயக்காவின் தரப்பு கேட்டது இதுதான்: இந்நாட்டையே தன் நாடாகக் கொண்டவன் மனைவி மக்களை வேறொரு நாட்டில் வைத்திருப்பானா? மனைவி மக்களின் வசிப்பு குறித்து அவருக்கும் நேருவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் வாதம் நடந்தது. குடியுரிமை என்பது விசுவாசம் சார்ந்தது என்று கொள்ளும் எந்த அரசும் இப்படி ஓர் அளவுகோலைத் தேடவே செய்யும். ஆனால் அந்தக் கேள்வி, குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவர் மட்டும் என்ற எண்ணத்திலிருந்து எழுந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் எத்தனை பேர் படுக்க முடியும், கொழுந்து பறிக்கப் போகும் தாய் நோயாளிக் குழந்தையை யாரிடம் விடுவாள் என்பன போன்ற கேள்விகள் சட்டம் இயற்றியவர்களின் மனத்தில் எழவில்லை. பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையை 'வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளை' என்று அந்தப் பாட்டியும் நினைத்திருக்க மாட்டாள், பிள்ளையும் நினைத்திருக்காது.

இன்னொரு கொடுமையும் உண்டு. விதி பின்னோக்கிப் பாய்ந்தது. 1940இலோ 1943இலோ பிள்ளையை ஊரில் விட்டவன், அது 1949இல் குற்றமாகும் என்று அறிந்திருக்க வழியில்லை. சரி, இப்போதாவது அழைத்து வந்துவிடலாம் என்றால், 1949 நவம்பர் 1 முதல் குடிவரவுச் சட்டம் செயலுக்கு வந்துவிட்டது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் பிள்ளை கப்பலேற முடியாது.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் கெடு. 1951 ஆகஸ்ட் 5இல் முடிந்தது. முதலில் புறக்கணிப்பு என்றிருந்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறகு மனம் மாறியதால் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றுள் அடங்கியவர்கள் சுமார் 8,25,000 பேர். விசாரணை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. முடிவில் பதிவு பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். ஆறில் ஒருவர் என்ற கணக்குக்கும் சற்றுக் குறைவு. பிள்ளைகளால் தள்ளுபடியானவை எத்தனை என்று தனியே பிரித்துச் சொல்ல நமக்கு முடியவில்லை என்றாலும், ஊருக்குப் போய்வந்த பயணங்களும் ஊருக்கு அனுப்பிய பணமும் விண்ணப்பதாரருக்கு எதிராகவே பேசின. ஊரைக் கைவிடாதவன் என்பது அவன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்று சொன்னால் மிகையில்லை.

இந்தியா என்ன செய்தது? 1950இல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு தாராளமானது. தானோ, தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடிமகனாகலாம். தாய்வழியும் செல்லும் என்பதைக் கவனிக்கவேண்டும். ஐந்தாண்டு கழித்து வந்த 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இந்தத் தாராளம் சுருங்கிவிட்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தகப்பன்வழி மட்டுமே கிடைத்தது. அந்தத் தகப்பனும் வம்சாவளியால் மட்டுமே குடிமகன் என்றால், பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதியவேண்டும். தாய்க்கும் அந்த உரிமை வந்தது 1992 டிசம்பரில்தான். இலங்கையில் அதற்கும் மேல் தாமதம். மணமான தாய் தன் பிள்ளைக்குக் குடியுரிமை வழங்க 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இரு நாடுகளும் எதிலும் ஒத்துப்போகாத அந்தப் பத்தாண்டுகளில், பிள்ளை தகப்பனின் சொத்து என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ள ஒதுக்கப்பட்டார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தில் நம் கண் நிற்கும் சொற்றொடர் வேறு: 'இயற்கைப் பெருக்கத்துடன்' என்பது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளைக் குறிக்கும் சொல் இது. ஆட்டு மந்தைக் கணக்கில் வரும் சொல் போலத் தோன்றினாலும், ஒரு நன்மை செய்தது. பிள்ளை தனியாகத் தகுதி காட்டவேண்டியதில்லை. பெற்றோர் போகுமிடம் அதுவும் போகும். 1949இன் விதியோடு ஒப்பிட்டால் இது கருணைதான்.

ஆனால் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டது ஆண்டுக்கணக்கில். அதுவரை பிள்ளை பிள்ளையாகவே இருக்குமா? பெற்றோரோடு சேர்க்கப்படுவது மைனர் மட்டுமே. வயதுவந்த மகன் தனியே விண்ணப்பிக்கவேண்டும். வேறொரு குடும்பத்துக்கு மணமாகிப் போன மகளின் கதி கணவனோடு. தாய் தகப்பனுக்கும் இளையவர்களுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வர, மூத்தவன் இலங்கைப் பதிவுப் பிரஜையாக நிற்க, ஒரே லயத்தின் ஒரே அறை இரண்டு நாடாகப் பிரிந்தது. ஊரில் விட்ட பிள்ளையால் ஒருமுறை பிரிந்த குடும்பங்கள், இப்போது வளர்ந்துவிட்ட பிள்ளையால் மறுமுறை பிரிந்தன. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நெல்லைச் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதையைச் சொல்லிற்று, சி.வி. வேலுப்பிள்ளை 'நாடற்றவர் கதை' எழுதினார். சேலத்துச் சமவெளிக்குத் திரும்பி வந்து, விட்டுவந்த மூத்த மகனுக்குக் கடிதம் எழுதத் தெரியாமல் அஞ்சலகத் திண்ணையில் உட்கார்ந்த தாயின் கதையை நம்மில் எவரேனும் எழுதியிருக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

திரும்பியவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்து, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அதே மண்டபம்தான். பாட்டன் எங்கிருந்து கப்பலேறினானோ அங்கே பேரன் குடும்ப அட்டையுடன் வந்து நின்றான். சேமநிதி, பணிக்கொடை உள்படச் சொத்தை எடுத்துவர அனுமதி இருந்தது. உச்ச வரம்பைக் குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்பது ஒப்பந்தத்தின் வாசகம். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், சிறு தொழிலுக்குக் கடன் என்று திட்டங்கள் இருந்தன. 'சொந்த ஊர்' என்ற இடத்தில் அவன் பெயரில் நிலமும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் போனவனின் பேரனைப் பங்காளிகளுக்கு அடையாளம் தெரியவில்லை. நாமக்கல் தாலுகாவே சிலகாலம் திருச்சி ஜில்லாவிலும் பிறகு மீண்டும் சேலத்திலும் இருந்து, 1997 ஜனவரி 1இல் தனி மாவட்டமாயிற்று. பழைய தோட்டக் காகிதத்தில் எழுதியிருக்கும் ஜில்லாவை வைத்து இன்றைக்கு ஊரைத் தேடுகிறவர்கள் வேறு மாவட்டத்தில் போய் நிற்பார்கள்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் வந்துசேர முடியாமல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே தங்கிப்போனார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், கடல் வேறு விதமாகத் திறந்துகொண்டது. அகதிகளாக வந்தவர்களுக்காகத் தமிழகம் எங்கும் முகாம்கள் அமைந்தன. சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி, நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி முதலிய இடங்களில் இருப்பவை அவற்றைச் சேர்ந்தவை. தமிழக முகாம்களில் இருப்போரில் பல்லாயிரவர் மலையகத் தமிழர். தோட்டத்திலிருந்து வன்முறைக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நகர்ந்து, அங்கிருந்தும் விரட்டப்பட்டு வந்தவர்கள். முப்பாட்டன் புறப்பட்ட ஜில்லாவிலேயே பேரன் அயல்நாட்டான் என்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறான்.

நாம் தொடங்கிய கேள்வி இங்கே தலைகீழாக நிற்கிறது. 1950களில் நம் சமவெளியில் இருந்த பிள்ளையால் தகப்பனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. இப்போது நம் சமவெளியில் பிறக்கும் பிள்ளைக்கு அதே பிரஜாவுரிமையைத் தேடிப் பெறவேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற நிலை 1987 ஜூலை 1உடன் முடிந்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. முகாமில் பிறக்கும் குழந்தைக்கு எஞ்சியிருப்பது இலங்கைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதன்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதியவேண்டும். தவறினால் அமைச்சர் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள். முகாம் மக்களுக்குத் தூதரகம் என்பது சென்னையிலுள்ள துணைத் தூதரகம். முகாமிலிருந்து வெளியே போக அனுமதி பெறவேண்டும். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழோ போரில் எரிந்திருக்கும், அல்லது தோட்டத்து எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயரைத் தாங்கியிருக்கும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பதிவுகளுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறது.

சட்டங்கள் சும்மா இருக்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலைத்து வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் சந்ததிக்கும் 2003இல் இலங்கை குடியுரிமை வழங்கியது. போரால் இந்தியாவுக்குப் போனவர்களுக்கும் அதை 2009இல் நீட்டியது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. அதே 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் மலையகத் தமிழரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்கச் சொன்னது. 1987 ஜூலைக்கு முன் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு தருமாறு 2022இல் அதே கிளை உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழில் இருந்த தேதிதான் அவரைக் காத்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து 2025இல் விலக்கு வந்தது. அது குடியுரிமை அன்று.

இதே மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன பொறியாளர்களின் வீடுகளிலும் அந்த ஓராண்டுக் கெடு இருக்கிறது. இந்தியரின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதியவேண்டும். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவேண்டும். அவர்களுக்கு அது ஒரு விடுப்பு நாளின் வேலை. திருச்செங்கோட்டிலோ ஆத்தூரிலோ இருக்கும் பாட்டி, பேரப்பிள்ளையைத் தன்னிடம் ஓராண்டு விட்டுப்போகச் சொன்னால், அதனால் தகப்பனின் குடியுரிமை போய்விடும் என்று இன்று எவரும் அஞ்சுவதில்லை. பரமத்தி முகாமில் இந்த ஆண்டு பிறந்த குழந்தையின் பெற்றோர், நகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழை உறையில் போட்டுவைத்துக்கொண்டு, சென்னைக்குப் போக அனுமதி கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.